உமி போகணும், தவிடு நிக்கணும்

கொல்லிமலையில் பிள்ளைகளுக்குச் சமையல் பழக்கியது அடுப்படியில் தொடங்கவில்லை. களத்தில் கோழி ஓட்டுவதில் தொடங்கியது. நாலைந்து வயதானதும் கையில் ஒரு குச்சியைக் கொடுத்து, காயப்போட்ட சாமைக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிடுவார்கள். அடுத்தது கல் பொறுக்குவது. கை கொஞ்சம் நிதானப்பட்டதும் முறம். உலை வைப்பதும் அரிசி களைவதும் அதற்கப்புறம். உலக்கை கடைசியில்தான் வரும், அதுவும் தோள் உயரம் எட்டிய பிள்ளைக்குத்தான். நான் அந்த வரிசையில் வளர்ந்தவள். பிறகு இதே மலையில் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். அந்த வரிசை எப்படி இருந்தது, எதனால் அறுந்தது என்று தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

நாமக்கல் மாவட்டத்தில், கடல் மட்டத்துக்கு மேல் ஆயிரம் மீட்டரைத் தாண்டிய மேட்டில் இருக்கிறது எங்கள் மலை. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வர வேண்டும். வாழவந்தி நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு என்று இங்கே ஊராட்சிகளின் பெயரெல்லாம் நாடு என்றே முடியும். இருப்பவர்களில் பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடி மக்கள். பெயரைக் கேட்டுக் கேரளத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். மலையை ஆள்கிறவர்கள் நாங்கள், பேசுவது தமிழ். வெளியூர்க்காரர்களுக்கு இந்த மலை வல்வில் ஓரியின் மலை, அறப்பளீஸ்வரர் கோயில் இருக்கிற மலை, ஆகாய கங்கை விழும் மலை. எங்களுக்கு அது மூன்று வகை நிலம். பள்ளத்தில் தண்ணீர் நிற்கும் வயலில் நெல், மேட்டுக்காட்டில் கேழ்வரகும் சாமையும், இன்னும் சரிவான கொல்லையில் சாமையும் தினையும். இடையிடையே மொச்சை, அவரை, கடுகு. பனிவரகும் வரகும் கொஞ்சம் கொஞ்சம் உண்டு.

சாமை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டால் என் ஆயாவுக்குக் கோபம் வரும். எந்தச் சாமை என்று திருப்பிக் கேட்பார். சடஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, திருகுலச் சாமை, பெருஞ்சாமை என்று தனித்தனியே பெயர் இருந்தது. கேழ்வரகிலும் சுருட்டைக் கேழ்வரகு, கருமுழியான், சாட்டைக் கேழ்வரகு, அரிசிக் கேழ்வரகு. தினையில் செந்தினை, பெருந்தினை, மூக்காந்தினை, பாலாந்தினை. விதைக்கிறவர்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்று யாரும் நினைக்கவில்லை. கல் பொறுக்க உட்காரும் பிள்ளைக்கும் இது எந்தச் சாமை என்று தெரிய வேண்டும். மணியின் பருமனைப் பொறுத்துத்தானே உலக்கையின் கனமும் உலைத் தண்ணீரும் மாறும்.

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் காரணம் மணியின் தோலில் இருக்கிறது. கேழ்வரகுக்கு உரித்தெடுக்க வேண்டிய கெட்டி உமி கிடையாது. கதிரைத் தட்டினால், தேய்த்துப் புடைத்தால், மேல்சருகு போய்விடும். மிச்ச மணியை அப்படியே அரைத்து மாவாக்கலாம். தோலும் முளையும் மாவோடு வந்துவிடும். அதனால் கேழ்வரகைச் சாப்பிடுகிறவர்கள் தெரிந்தோ தெரியாமலோ முழுத் தானியத்தைச் சாப்பிடுகிறார்கள். அதில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, அரிசியில் அதில் ஒரு சிறு பங்குகூட இல்லை. சாமை, தினை, பனிவரகு, வரகு அப்படியல்ல. மேலே வழவழவென்று கெட்டியான உமி, அதற்குக் கீழே மெல்லிய தவிடு, அதற்குள் வெள்ளை மாவு. உமி வயிற்றுக்கு ஆகாது, போயே தீர வேண்டும். தவிட்டில்தான் நாரும் எண்ணெயும் உயிர்ச்சத்தும் இருக்கின்றன, அது நிற்க வேண்டும். கடுகளவு மணியில், உலக்கையை வைத்துக்கொண்டு, ஒன்றைக் கழற்றி மற்றதை நிறுத்துவதுதான் எங்கள் பெண்களின் வித்தை. என் ஆயா சொல்வது ஒரே வரி: "உமி போகணும் புள்ள, தவிடு நிக்கணும்."

அதை எப்படிச் செய்தார்கள் என்று சொல்கிறேன். குத்துவதற்கு முந்தின நாள் சாமையை வெயிலில் போடுவார்கள். காய்ச்சல் சரியா என்று பார்க்க ஒரு மணியை முன்பல்லில் வைத்துக் கடிக்கச் சொல்வார்கள். டக்கென்று உடைந்தால் சரி, நசுங்கினால் இன்னும் ஒரு வெயில். ஈரம் இருந்தால் உமி கழலாமல் மணி நசுங்கும். அளவுக்கு மீறிக் காய்ந்தால் குத்தும்போது நொய்யாகப் போகும். உரல் சில வீடுகளில் வாசலில் இருந்தது. சில ஊர்களில் பாறையிலேயே குழி குடைந்து நாலைந்து வீட்டுக்குப் பொதுவாக இருந்தது. உரலைச் சுற்றி மணி சிதறாமலிருக்கக் குந்தாணி. அடியில் பூண் கட்டிய உலக்கையை இரண்டு பேர் எதிரெதிரே நின்று மாற்றி மாற்றிப் போடுவார்கள். முதல் குத்தில் உமி உடையும். அள்ளி முறத்தில் போட்டுப் புடைத்தால் உமி பறக்கும். மறுபடி உரலில் போட்டு இரண்டாம் குத்து. இப்போது உலக்கையை ஓங்கிப் போடக் கூடாது, விட்டுவிட்டு இறக்க வேண்டும். திரும்பவும் புடைத்து, பிறகு முறத்தைச் சாய்த்துப் பிடித்து நாவினால், அதாவது அசைத்துப் பிரித்தால், உமி கழலாத மணி ஒரு பக்கமும் அரிசி ஒரு பக்கமும் பிரியும். கழலாததை மட்டும் மூன்றாம் தடவை குத்துவார்கள். அப்போது கிடைக்கிற அரிசி வெள்ளையாக இருக்காது. இலேசாகச் சாம்பல் பூத்த பழுப்பாக இருக்கும். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் கொஞ்சம் மாவு போல ஒட்டும். அந்த ஒட்டல்தான் தவிடு நின்றதற்கு அடையாளம். பார்த்து, தொட்டு, போதும் என்று நிறுத்தத் தெரிய வேண்டும். எத்தனை குத்து என்று யாரும் எண்ணிச் சொன்னதில்லை.

குத்தின அரிசியை நெடுநாள் வைத்துக்கொள்ள முடியாது. தவிட்டில் எண்ணெய் இருப்பதால் உமி போன சாமை சில வாரங்களில் காறல் வாடை அடித்து, வாயில் கசக்கத் தொடங்கும். உமியோடு கிடக்கும் சாமையோ தொம்பையில் ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும். மூங்கிலால் பின்னிச் சாணமும் மண்ணும் பூசின தொம்பை நிறைய இருக்கிற வீட்டில் பஞ்ச காலத்திலும் அடுப்பு எரிந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆகவே குத்துவது அன்றன்றைக்கு, அல்லது இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தடவை. இன்றைக்குக் கடைக்காரர்கள் தவிடு நீக்கின சாமையை விற்பதற்கும் இதே எண்ணெய்தான் காரணம். பாக்கெட்டில் மாதக்கணக்கில் கிடக்க வேண்டும் என்றால் தவிட்டை எடுத்துவிடுவது அவர்களுக்கு வசதி.

குத்திப் புடைத்த அரிசி அடுத்து அடுப்படிக்குப் போகும். சாமை அரிசியில் கல்லும் அரிசியும் ஒரே பருமன், அதனால் கண்ணால் பொறுக்கி மாளாது. அரிக்கத் தெரிய வேண்டும். ஒரு சட்டியில் தண்ணீரோடு அரிசியைச் சுழற்றிச் சுழற்றி மெல்லச் சாய்த்தால் அரிசி தண்ணீரோடு அடுத்த சட்டிக்குப் போகும், கல் அடியில் தங்கும். கடைசிக் கைப்பிடியைச் சாய்க்காமல் விட்டுவிட வேண்டும். அதையும் சேர்த்துச் சாய்க்கிற பிள்ளை அன்றைக்கு வீட்டில் எல்லாருடைய பல்லையும் பதம் பார்க்கும். தவிடு நின்ற சாமைக்குத் தண்ணீர் கூட வேண்டும், ஒரு பங்குக்கு மூன்று பங்கு வரை. அரை மணி ஊறினால் நல்லது. உலை நன்றாகக் கொதித்த பிறகுதான் போட வேண்டும். போட்ட உடனே ஒரு கிண்டு கிண்டாவிட்டால் அடியில் கட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பாதி வெந்ததும் தீயை இழுத்துவிட்டு மூடி வைத்துத் தணலில் விட்டுவிட வேண்டும். அதற்கு மொச்சைக் குழம்பு, இல்லையென்றால் கீரைக் கடைசல்.

களி இன்னொரு பாடம். முதலில் சாமை நொய்யையோ அரிசி நொய்யையோ குழைய வேகவிட்டு, அதன் மேல் கேழ்வரகு மாவைக் குவித்துக் கொட்ட வேண்டும். கொட்டின உடனே கிண்டக் கூடாது. துடுப்பால் நடுவில் ஒரு குழி குத்தி, கஞ்சி கொதித்து மேலே வந்து மாவை மூடும் வரை விட வேண்டும். அவசரப்பட்டுக் கிண்டினால் உள்ளே பச்சை மாவு உருண்டை உருண்டையாக நின்றுவிடும். பிறகு சட்டியை இறக்கி, கவைக்கோலால் அதன் வாயை நெருக்கிப் பிடித்து, கவையின் இரண்டு முனையையும் காலால் மிதித்துக்கொண்டு இரண்டு கையாலும் துடுப்பைச் சுழற்ற வேண்டும். கையை நனைத்துக் களியைத் தொட்டால் ஒட்டக் கூடாது. ஒட்டினால் வேகவில்லை என்று பொருள். இதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு நம்பிக் கொடுத்தார்கள்.

இதையெல்லாம் நான் பூரிப்போடு எழுதுகிறேன் என்று தெரிகிறது. ஆனால் இதன் விலையை யார் கொடுத்தது என்பதையும் எழுதியாக வேண்டும். எங்கள் வீட்டில் அதைக் கொடுத்தது என் அக்கா. நான் பள்ளிக்கூடம் போனேன், அக்கா உரலுக்குப் போனாள். எட்டுப் பேர் சாப்பிடுகிற வீட்டுக்கு அன்றாடம் சாமை குத்த விடிவதற்கு முன்னால் எழுந்திருக்க வேண்டும். அம்மா காட்டு வேலைக்குப் போன பிறகு மிச்சம் அக்காவின் தலையில். அவள் உள்ளங்கையில் காய்த்துப்போன தழும்பு கல்யாணத்துக்குப் பிறகும் மறையவில்லை. தம்பிகள் யாரையும் உலக்கை பிடிக்கச் சொன்னதில்லை. ஆண்பிள்ளைக்குக் கோழி ஓட்டுவதோடு பாடம் முடிந்தது. பழைய சாப்பாடு போய்விட்டதே என்று மேடையில் வருத்தப்படுகிறவர்களை நான் கேட்பேன், உங்கள் வீட்டில் குத்தினது யார்? மலையில் பெண்கள் சாமையைக் கைவிட்டதற்கு நாக்குருசி காரணமில்லை. முதுகும் தோளும்தான் காரணம்.

தவிடு நிற்க வேண்டும் என்பதை உலகம் ஆராய்ச்சிக்கூடத்தில் கண்டுபிடித்தது பின்னால்தான். 1890களில் ஜாவாவில், அன்றைய பத்தாவியாவில், டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மான், தீட்டிய அரிசிச் சோற்றைத் தின்ற கோழிகளுக்குக் கால் தள்ளாடுவதையும் தவிடுள்ள அரிசியைத் தின்றதும் அவை தேறுவதையும் கவனித்தார். மனிதர்களுக்கு வரும் பெரிபெரி நோய்க்கு அங்கேதான் விடை கிடைத்தது. 1929-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் ஊரில் அதே விஷயம் நீலகிரியில் தொடங்கியது. 1918-ல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஒரே ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி ஆய்வைத் தொடங்கினார். இந்தியாவின் பல பகுதிச் சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில், முழுக் கோதுமையும் பாலும் சாப்பிட்ட வடக்கத்தி எலிகள் திடமாக வளர்ந்தன. தீட்டிய அரிசியை நம்பின சென்னை மாகாணத்துச் சாப்பாட்டு எலிகள் மெலிந்து கிடந்தன. அந்த ஓர் அறைதான் வளர்ந்து 1958-ல் ஐதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. குன்னூரில் அவர் எடை போட்ட எலிகளுக்கு யாராவது கொல்லிமலைச் சாமைச்சோறு போட்டிருந்தால் அவை என்ன சொல்லியிருக்கும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா 1934-ல் தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தியபோது கைக்குத்தல் அரிசிக்காக ஊர் ஊராகப் பேசினார். ஆலை அரிசி சத்தையும் தின்னும், கிராமத்துப் பெண்ணின் கூலியையும் தின்னும் என்பது அவர் கட்சி. கைக்குத்தலைக் காப்பாற்ற 1958-ல் அரிசி ஆலைகளை ஒழுங்குபடுத்த மத்திய அரசு ஒரு சட்டமே போட்டது. 1937-ல் வார்தாவில் பிறந்த ஆதாரக் கல்வியில் பிள்ளைகள் நூற்பதும் தோட்டமிடுவதும் சமைப்பதும் பாடத்தின் பகுதி. நான் ஆசிரியப் பயிற்சிக்குப் போனபோது அதன் மிச்சசொச்சம் புத்தகத்தில் இருந்தது, வகுப்பில் இல்லை. குமரப்பாவை நான் மதிக்கிறேன். ஆனால் அவர் பேச்சு நெல்லைச் சுற்றியே இருந்தது. கூலிக்கு நெல் குத்துகிற பெண்ணுக்கு உலக்கை வருமானம். கூலியில்லாமல் வீட்டுச் சாமையைக் குத்துகிற பெண்ணுக்கு அது பாரம் மட்டுமே. அவளுக்கு ஒரு நல்ல இயந்திரம் வேண்டும் என்று யாராவது அன்றைக்கே நினைத்திருந்தால் மலையின் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

இயந்திரம் வரவில்லை, அரிசி வந்தது. இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வராது. 1956-ல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1961-லிருந்து அமெரிக்க கேர் அமைப்பு கொடுத்த பால்பவுடரும் மக்காச்சோள மாவும் அதில் சேர்ந்தன. 1967-ல் அண்ணா ஆட்சியில் ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்ற பேச்சு மலையடிவாரம் வரை எட்டியது. 1982 சூலையில் எம்.ஜி.ஆரின் சத்துணவு வந்தபோது நான் ஆசிரியை. மதியம் ஒரு வேளை சூடான சோறு என்றதும் அதுவரை ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள். பெண்பிள்ளைகளும் வந்தார்கள். என் அக்காவுக்குக் கிடைக்காத வகுப்பறை அவர்களுக்குக் கிடைத்ததில் அந்த வெள்ளைச் சோற்றுக்குப் பங்கு உண்டு. 2006-ல் நியாயவிலைக் கடையில் அரிசி கிலோ இரண்டு ரூபாய், 2008-ல் ஒரு ரூபாய், 2011-லிருந்து விலையே இல்லை. குத்த வேண்டாம், புடைக்க வேண்டாம், அரிக்கக்கூட அதிகம் வேண்டாம். கொதிக்கிற உலையில் போட்டால் சோறு. எந்தத் தாய் வேண்டாம் என்பாள்?

இன்னொரு பக்கம் காட்டிலிருந்தே சாமையைத் துரத்தியது குச்சிக்கிழங்கு என்னும் மரவள்ளி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெளிநாட்டுக் கிழங்கு மாவு வரத்து நின்றபோது சேலத்தில் ஜவ்வரிசித் தொழில் தலையெடுத்தது. 1981-ல் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் அமைந்து தொழில் விரிந்தது. ராசிபுரம், நாமக்கல், ஆத்தூர்ப் பக்கத்துச் சேகோ மில்களுக்குக் கிழங்கு வேண்டியிருந்தது. லாரி மலையேறியது. கிழங்கு நட்டால் முன்பணம் கிடைக்கும், பிடுங்கினால் காட்டிலேயே எடை போட்டுக் காசு வாங்கலாம். பத்து மாதம் நிலத்தைப் பிடித்துக்கொள்ளும், அதனால் அந்தக் காட்டில் சாமைக்கு இடமில்லை. வீட்டுக் கடனை அடைத்தது கிழங்குதான், பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பியதும் கிழங்குதான். அதே கிழங்கு மேட்டுக்காட்டு மண்ணை வருடா வருடம் உறிஞ்சியதையும் உரம் கூடக் கூடக் கடனும் கூடியதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். மிளகும் காப்பியும் அன்னாசியும் வந்து மிச்ச இடத்தைப் பிடித்தன.

ஆக, என் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகளின் வீட்டில் தொம்பை காலியானது. தொம்பை காலியான வீட்டில் களத்தில் ஓட்டக் கோழி இருந்தது, காய்கிற சாமை இல்லை. வரிசையின் முதல் கண்ணி அறுந்தால் மற்றது தானாக அறும். சமையல் குறிப்பு காணாமல் போகவில்லை. எங்கள் தலைமுறைப் பெண்கள் யாரைக் கேட்டாலும் சாமைச்சோறு எப்படி என்று சொல்வார்கள். உரலுக்கும் உலைக்கும் நடுவில் இருந்த கைப்பழக்கம்தான் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரவில்லை. 1990களில் என் வகுப்பில் சாமைக் கதிரையும் தினைக் கதிரையும் காட்டி எது எது என்று கேட்டேன். தினையைச் சிலர் சொன்னார்கள். சாமையைப் புல் என்றார்கள்.

அந்தச் சமயத்தில்தான் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் மலையில் வேலை தொடங்கினார்கள். முதலில் விதையைக் கேட்டு வந்தார்கள். எந்த வீட்டில் எந்தச் சாமை மிச்சமிருக்கிறது என்று எழுதிக்கொண்டார்கள். நாங்கள் பழங்கதை என்று நினைத்த பெயர்களெல்லாம் ஆங்கிலக் கட்டுரைகளில் ஏறின. ஊர்களில் விதை வங்கி வைத்தார்கள். இவற்றைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது, சுய உதவிக் குழுக்களிடம் சிறிய உமி நீக்கும் இயந்திரங்களைக் கொடுத்து ஊருக்குள்ளேயே நிறுத்தியது. விதையைக் காப்பாற்ற வேண்டும் என்றால் சாப்பிடுகிறவர் வேண்டும். சாப்பிட வேண்டும் என்றால் குத்துகிறவரின் தோளை விடுவிக்க வேண்டும். இதை அவர்கள் புரிந்துகொண்டார்கள். இயந்திரம் ஓடத் தொடங்கின நாளில் ஒரு பாட்டி அதன் பக்கத்திலேயே வெகுநேரம் நின்று, விழுகிற அரிசியைக் கையில் ஏந்தித் தேய்த்துப் பார்த்தார். "பரவாயில்ல, தவிடு கொஞ்சம் நிக்குது" என்றார். அந்த இயந்திரத்துக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டியதில்லை.

அதற்கப்புறம் காற்று மாறியது. மத்திய அரசு 2018-ல் சிறுதானியங்களை ஊட்டச்சத்துத் தானியங்கள் என்று அறிவித்தது. 2023-ஐ ஐ.நா. சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. அதே ஆண்டு நீலகிரியிலும் தருமபுரியிலும் நியாயவிலைக் கடையில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். நாமக்கல் அந்தப் பட்டியலில் இல்லாதது எனக்கு இன்றும் வருத்தம். 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் மலைப்பகுதிப் பள்ளிகளை முதற்கட்டத்திலேயே சேர்த்துக்கொண்டது. ஒரு பிள்ளைக்கு 50 கிராம் அரிசி அல்லது ரவை அல்லது அந்தப் பகுதியில் விளையும் சிறுதானியம், கூடவே சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு என்பது கணக்கு. வாரத்தில் இரண்டு நாளாவது உள்ளூர்ச் சிறுதானியத்தில் சமைக்கலாம் என்று அரசாணையில் இடம் இருக்கிறது. அந்த இடத்தை நாம்தான் நிரப்ப வேண்டும்.

ஆனால் எதைக் கொண்டு நிரப்புவது? கீழே பட்டணத்துக் கடையில் சாமை அரிசி ஒரு பாக்கெட் வாங்கி வந்து பார்த்தேன். பச்சரிசி ரவை மாதிரி வெள்ளை வெளேர் என்று இருந்தது. உள்ளங்கையில் தேய்த்தால் ஒன்றும் ஒட்டவில்லை. பன்னிரண்டு நிமிடத்தில் வெந்து குழைந்துவிட்டது. பெயர் சாமை, தவிடு முழுக்கப் போயிருந்தது. ஏன் இப்படித் தீட்டுகிறார்கள் என்று ஆலைக்காரர்களைக் கேட்டால் காரணம் நேராகச் சொல்கிறார்கள். ஒரே ஓட்டில் எடுத்தால் தவிடு நிற்கும், கூடவே நூற்றில் சில மணி உமி கழலாமல் தங்கிவிடும், கல்லும் ஒன்றிரண்டு இருக்கும். வாங்குகிறவர்களுக்கு முறத்தில் நாவவும் சட்டியில் அரிக்கவும் தெரியாது, புகார் வரும். அதனால் உமியோடு ஒரு மணிகூடத் தங்காமல் போகும் வரை திரும்பத் திரும்ப ஓட்டுகிறார்கள். சாப்பிடுகிறவர் வீட்டில் முறம் இல்லாததால் ஆலையில் தவிடு போகிறது. பழைய வரிசையின் நடுக்கண்ணி அறுந்ததன் விளைவு இங்கே வந்து நிற்கிறது.

இதைப் பார்த்த பிறகுதான் சனிக்கிழமைகளில் தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைக்கத் தொடங்கினேன். ஆண், பெண் என்று பார்ப்பதில்லை. முதல் பாடம் உலக்கை அல்ல, அதைத் திரும்பக் கொண்டுவரும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. ஊர் இயந்திரத்தில் ஒரே ஓட்டில் எடுத்த சாமையை முறத்தில் கொட்டிக் கொடுத்துவிடுவேன். முறத்தைப் பிடிக்கும் இடம், மணிக்கட்டைச் சுண்டும் விதம், காற்று வரும் திசைக்கு முதுகைக் காட்டி நிற்பது. முதல் நாள் அரிசி பாதி தரைக்குப் போகும், கோழிகளுக்கு விருந்து. மூன்று நாலு வாரத்தில் உமி கழலாத மணி முறத்தின் ஓரத்துக்குத் தனியாக வந்து சேருவதைக் கண்ணால் பார்த்ததும் பிள்ளைகள் கத்துகிற கத்தல் தெருக்கோடி வரை கேட்கும். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் இருக்கிறான். "ஆயா, இத மிஷின்லயே செஞ்சிரலாமே?" என்று கேட்டான். செய்யலாம், செய்தால் இதுவும் போய்விடும் என்று தவிட்டை அவன் உள்ளங்கையில் தேய்த்துக் காட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டு, "பொரி வாசனை வருது" என்றான். வகுப்பில் வைட்டமின் பாடத்தில் எய்க்மானின் கோழிகளைப் பற்றி நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அந்தப் பையன் மூக்கில் பட்ட மாதிரி அது யாருக்கும் பட்டதில்லை.

முறம் பழகினவர்களுக்கு அரிப்பது, அரிக்கப் பழகினவர்களுக்கு உலை. களிக்குக் கவைக்கோலை மிதிக்கிற வேலையை ஆண்பிள்ளைகள் போட்டிபோட்டுக் கேட்கிறார்கள். என் தம்பிகளுக்குக் கிடைக்காத பாடம் அது. கை நனைத்துக் களியைத் தொட்டு, ஒட்டினால் மறுபடி அடுப்பில் ஏற்று என்று ஒருவருக்கொருவர் அதட்டிக்கொள்கிறார்கள். போன வாரம் ஒரு தாய் வந்து, "டீச்சர், பையன் கடைச் சாமைய வாங்கக் கூடாதுங்கறான், என்ன சொல்லிக் கொடுத்தீங்க?" என்று கேட்டார். ஊர் இயந்திரத்தில் ஒரு படி ஓட்டித் தந்து அனுப்பினேன்.

பள்ளிகளுக்கு நான் கேட்பது பெரிய விஷயம் அல்ல. காலை உணவுக்குச் சாமை போடும் நாளில் மலையிலேயே விளைந்து, மலை இயந்திரத்தில் ஒரே ஓட்டில் எடுத்த அரிசியை அந்த வாரத்துக்கு மட்டும் வாங்குங்கள், மாதக்கணக்கில் வைத்துக் காற விடாதீர்கள். சமையலறைக்கு நாலு முறம் வாங்கிக் கொடுங்கள். சமைக்கிற பெண்களின் தலையிலேயே புடைக்கிற வேலையையும் ஏற்றாமல், நாலாம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரு பாடவேளையை முறத்துக்கு ஒதுக்குங்கள். சொல்லிக் கொடுக்க எங்கள் வயதுப் பெண்கள் ஒவ்வொரு நாட்டிலும் இன்னும் சிலர் இருக்கிறோம். என் அக்காவையும் கூட்டி வருகிறேன்.